மார்கழிக் காலையில் கார் என்ஜின் சூடேறுவதே இல்லை, எங்கே பழுது?

கேள்வி கேட்டவர் கிளிநொச்சிக்காரர். வைத்திருப்பது பழைய ரொயோட்டா கொரோல்லா 110. விடியப்புறம் ஏ9 வீதியால் வவுனியாவுக்கு வேலைக்குப் போகிறார். மார்கழி பிறந்ததில் இருந்து, மாங்குளம் தாண்டியும் வெப்பமானி முள் அடியிலேயே கிடக்கிறதாம். முறிகண்டியில் என்ஜினை நிறுத்தாமல் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதிவரை ஏறி நிற்கிறதாம். திரும்ப ஓடத் தொடங்கினால் விழுந்துவிடுகிறதாம். பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கிறது. "குளிர் காலம், அப்படித்தான் இருக்கும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்மை இல்லை. வன்னியில் மார்கழி, தை மாதங்களில் விடியக்காலை இருபது பாகைக்குச் சற்று மேலேயோ கீழேயோ நிற்கும். நமக்குப் போர்வை தேடுகிற குளிர்தான், ஆனால் உங்கள் காரைச் செய்த நாட்டில் வீதியெல்லாம் பனி மூடிக் கிடக்கும் காலத்திலும் இதே என்ஜின் சூடேறித்தான் ஓடியது. இங்கே சூடேறவில்லை என்றால், உண்டாகிற சூடு வழியில் எங்கேயோ வெளியே போகிறது. கோடையில் அது தெரியாமல் இருந்திருக்கும், மார்கழியில் தெரிய வந்திருக்கிறது.

முறிகண்டியில் நீங்கள் கண்டதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது முள் விழுகிறது, நின்றால் ஏறுகிறது. அப்படியென்றால் ரேடியேற்றரில் காற்று அடிக்கிற நேரமெல்லாம் என்ஜின் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. சூடேறாத என்ஜினின் தண்ணீர் ரேடியேற்றர் பக்கம் போகவே கூடாது. அதைத் தடுத்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட். உள்ளே ஒரு சின்னச் சிமிழில் மெழுகு இருக்கும். தண்ணீர் 82 பாகையை நெருங்கும்போது அந்த மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ரேடியேற்றருக்குள் சுற்ற வேண்டும். உங்கள் காரில் அந்த வால்வு திறந்தபடி இறுகியிருக்கிறது, அல்லது யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், எனக்கே அது நடந்தது. ஒரு கராச்சில் வோட்டர் பம்ப் மாற்றக் கொடுத்தேன். கார் திரும்பி வந்தபோது தெர்மோஸ்டாட் இல்லை. கேட்டதற்கு, "உந்த வெக்கைக்கு உது என்னத்துக்கு அண்ணை, கழட்டி விட்டா எஞ்சின் எப்பவும் குளிர்மையா இருக்கும்" என்றார் அந்தத் தம்பி. நல்லெண்ணத்தில்தான் செய்தார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆனபோதுதான் கொப்பியில் கணக்கு எழுதத் தொடங்கினேன். லீற்றருக்கு ஒன்பதரைக் கிலோமீற்றர். புதுத் தெர்மோஸ்டாட் போட்ட பிறகு அதே வீதியில், அதே காருக்குப் பன்னிரண்டு வந்தது.

காரணம் இதுதான். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் பெற்றோலை அளக்கிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால், "இப்போதுதான் ஸ்டாட் பண்ணியிருக்கிறார்கள்" என்று எண்ணிக் கூடுதலாகவே ஊற்றும், வவுனியா வரையும் ஊற்றும். அந்த எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். என்ஜின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கத்தைப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி வெளிர்மஞ்சள் பசை ஒட்டியிருந்தால், அது சூடு காணாத என்ஜினுக்குள் படிந்த ஈரமும் ஒயிலும் கலந்தது. (தண்ணீர் குறைந்துகொண்டே போய், பசையும் இருந்தால் அது வேறு கதை. என்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டை, ஹெட் காஸ்கெட்டை, சந்தேகிக்க வேண்டும்.) உங்களுடையது ஓட்டோ கியர் என்றால் ஓவர்டிரைவ் என்கிற மேல்கியர் பிந்தி விழுவதையும் கவனித்திருப்பீர்கள். என்ஜின் சூடாகும்வரை அதை விடாமல் வைத்திருப்பதும் அந்தப் பெட்டிதான்.

என்ஜினுக்குச் சூடு வேண்டும் என்பது எங்கள் ஊருக்குப் புதுச் செய்தி அல்ல. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் வன்னியில் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில்தானே ஓடின. அப்பாவிடம் ஒரு ஏ40 இருந்தது. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் ஸ்டாட் பண்ணுவார். பொனற்றைத் திறந்து ரேடியேற்றரின் மேல்தொட்டியில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பார். கையை வைத்திருக்க முடியாத சூடு வந்த பிறகுதான், "தம்பி, இனித் திருப்பு" என்பார். நான் மண்ணெண்ணெய்க் குழாயைத் திருப்பிவிடுவேன். மார்கழியில் உரச்சாக்கை நாலாய் மடித்து ரேடியேற்றருக்கு முன்னால் கட்டிவிடுவார். சாக்கு இல்லாத நாளில் என்ஜின் இருமும், பின்னால் வெள்ளைப் புகை தள்ளும். அவ்வளவும் கண்ணால் பார்த்த நான், தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதற்கு ஒன்றும் பேசாமல் இருந்தது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

அந்தச் சாக்கு வழியையே நீங்கள் சோதனைக்கு எடுக்கலாம். ஒரு காட்போட் மட்டையால் ரேடியேற்றரின் முகத்தை முக்கால்வாசி மறைத்து, கிளிநொச்சியில் இருந்து முறிகண்டி வரை முள்ளில் கண் வைத்தபடி ஓடுங்கள். முள் ஏறி நின்றால் சூடு போன வழி ரேடியேற்றர்தான். சோதனை முடிந்ததும் மட்டையை எடுத்துவிடுங்கள். மறந்துபோய் வெயிலில் ஓடினால் என்ஜின் கொதித்துவிடும்.

இன்னும் நிச்சயமானது குழாயைத் தொட்டுப் பார்ப்பது. இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டாட் பண்ணி, ரேடியேற்றரின் கீழ்க்குழாயை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தொடுங்கள். சேலை, சால்வை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது, அது திடீரென்று சுழலும். உங்கள் காரில் கீழ்க்குழாய் என்ஜினில் சேரும் இடத்தில்தான் தெர்மோஸ்டாட் இருக்கிறது. நல்லது என்றால் அந்தக் குழாய் நெடுநேரம் குளிராகவே கிடந்து, முள் தன் இடத்துக்கு வந்த பிறகு சட்டென்று சூடாகும். தொடக்கத்தில் இருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் உள்ளே தண்ணீரைத் தடுத்து வைக்க ஒன்றும் இல்லை, வால்வு திறந்து கிடக்கிறது அல்லது கழற்றப்பட்டிருக்கிறது. மேல்பக்கம் தெர்மோஸ்டாட் உள்ள வாகனங்களில் இதையே மேல்குழாயில் பார்க்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் இரண்டு விசயம். ஒன்று, ஃபேன் காலையில் இருந்தே ஓயாமல் சுழல்கிறதா? சிலர் அதை நேரடியாக பற்றரியில் கொடுத்துவிடுகிறார்கள். சில பழைய ரொயோட்டாக்களில் ஃபேன் சுவிட்சின் வயர் கழன்றாலே ஃபேன் சுழன்றுகொண்டிருக்கும். இரண்டாவதுதான் முக்கியம்: முள் கீழே கிடந்தால் என்ஜின் குளிர் என்று எப்போதும் நம்பிவிட வேண்டாம். தண்ணீர் குறைந்து சென்சர் காற்றில் நின்றாலும் முள் கீழேதான் காட்டும், உள்ளே என்ஜின் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே முதல் வேலையாக, ஆறிய என்ஜினில் ரேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீர் வாய்வரை நிற்கிறதா என்று பாருங்கள். சூட்டோடு அந்த மூடியைத் தொடவே வேண்டாம்.

புது மொடல் வாகனக்காரர் இதை வாசித்தால், காரின் கணினிப் பெட்டியை வாசித்துப் போனோடு இணைகிற சின்ன ஓபிடி கருவி ஒன்றைச் செருகித் தண்ணீரின் சூட்டை இலக்கத்திலேயே பார்க்கலாம். ஓடும்போது 80க்கு மேல் நிற்க வேண்டும். பி0128 என்ற பழுதுக்குறி வந்தால், தெர்மோஸ்டாட் வைத்திருக்க வேண்டிய சூட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று பொருள்.

கழற்றிய வால்வை வீட்டிலேயே சோதிக்கலாம். சட்டியில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அது இறுக மூடியிருக்க வேண்டும், அப்போதே இடைவெளி தெரிந்தால் போய்விட்டது. 82 என்று பொறித்தது 80க்கும் 84க்கும் இடையில் திறக்கத் தொடங்கி, 95இல் 8 மில்லிமீற்றராவது விரிய வேண்டும். புதிதாக வாங்கியதையும் இப்படிப் பார்த்துவிட்டே பூட்டுங்கள். ரப்பர் வளையமும் புதிது போடுங்கள். ஓரத்தில் ஆடுகிற குட்டி ஊசி மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

"வெக்கை ஊருக்கு இது வேண்டாம்" என்று யாராவது மறுபடி சொன்னால் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். இந்த வகைத் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது. மேல்வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு, ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கே திரும்பும் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லை என்றால் குறுக்குவழி எப்போதும் திறந்து கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைக் காணாமலே சுற்றும். என்ஜின் கொதித்தாலும் இதைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் குளிர்விப்புக் குறையும் என்று ரொயோட்டாவின் திருத்தக் கையேடே சொல்கிறது. சித்திரை வெயிலில் ஏற்றமும் சுமையுமாகப் போகும்போது அது தெரியும்.

வால்வு ஏன் இறுகியது என்றும் கேட்பீர்கள். கிணற்றுத் தண்ணீர்தான். கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் ரேடியேற்றருக்குள்ளும் படிகிறது. அதோடு துருவும் சேர்ந்தால் வால்வு அசையாது. பழைய தண்ணீரை முழுக்க இறக்கி, சுத்தமாகக் கழுவி, கூலன்ட் என்கிற குளிர்விப்புத் திரவத்தை ஊற்றுங்கள். கலந்து ஊற்றுகிற வகை என்றால், இப்போது ஊரெல்லாம் விற்கிற, வடிகட்டிச் சுத்தமாக்கிய ஆர்ஓ தண்ணீரைச் சேருங்கள். மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓடவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை நிரப்பிக்கொண்டே வாருங்கள். மறுநாள் காலை ஆறியபின் மட்டத்தை இன்னொரு தரம் பாருங்கள்.

தண்ணீர் மட்டத்தைப் பார்த்த கையோடு கீழ்க்குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை நிமிடத்தில் சூடானது, அப்போது முள் எங்கே நின்றது என்று இங்கேயே எழுதுங்கள். அடுத்ததைச் சொல்கிறேன்.