பாம்பன் தீவில் அரசு வீடு: கேள்வி பதில்

ராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையிலும் அரசு உதவியில் வீடு கட்டுவோர் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

பிரதமர் வீடு, கனவு இல்லம் இரண்டில் எதில் பணம் அதிகம்? (பாம்பன்)

தொகையை மட்டும் பார்த்தால் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம். அதில் 3.50 லட்சம், 360 சதுர அடி. 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். குடிசையில் இருப்பவர்களுக்கான திட்டம் அது. பிரதமர் வீடு என்பது மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம். அதில் அடிப்படைத் தொகை 1.20 லட்சம், மத்திய அரசும் மாநிலமும் 60:40 போடுகின்றன. கான்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு தனியாக 1.20 லட்சம் சேர்ப்பதால் 2.40 லட்சம். கழிப்பறைக்கு 12,000, ஊரக வேலைத் திட்டக் கணக்கில் 90 நாள் கூலி தனி. குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி.

ஆனால் எது வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அதுதான். ஏற்கெனவே அரசு வீடு வாங்கிய குடும்பத்துக்கு இரண்டாவது கிடையாது.

எங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் கேட்டால் "உங்களுக்கு இங்கே இல்லை" என்கிறார்கள். (ராமேசுவரம்)

ராமேசுவரம் நகராட்சி. ஊரகத் திட்டம் அங்கே செல்லாது, நகர்ப்புறத் திட்டத்தில்தான் கேட்க வேண்டும். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள், மண்டபம் ஒன்றியத்தில் வரும். வீட்டு வரி ரசீது எந்த அலுவலகம் தருகிறதோ, அங்கே போங்கள்.

மோட்டார் படகு வைத்திருக்கிறோம் என்று முன்பு தள்ளுபடி செய்துவிட்டார்கள். இப்போதும் அப்படித்தானா? (தங்கச்சிமடம்)

இல்லை. பழைய விதியில் படகு, பைக் இரண்டுமே தடை. கடல் தொழில் செய்பவரிடம் படகு இருக்கிறது என்பதற்காக வீடு இல்லை என்பது என்ன நியாயம் என்று பல வருடம் கேட்டார்கள். 2024-ல் இரண்டையும் நீக்கினார்கள், மாத வருமான வரம்பையும் 10,000-லிருந்து 15,000 ஆக்கினார்கள். மூன்று, நான்கு சக்கர வண்டி, அரசு வேலை, வருமான வரி போன்ற தடைகள் அப்படியே இருக்கின்றன. பிரதமர் வீட்டுக்கான ஆவாஸ் பிளஸ் 2024 கணக்கெடுப்பில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடம் பாருங்கள். விடுபட்டிருந்தால் கிராம சபையில் மனு கொடுத்து, தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். வாயால் சொன்னது எதற்கும் உதவாது.

கடற்கரைப் புறம்போக்கில் முப்பது வருடமாக இருக்கிறோம். வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் உண்டு. போதுமா? (மண்டபம் அருகில்)

போதாது. ரசீதும் மின் இணைப்பும் குடியிருப்பதைக் காட்டுமே தவிர, இடம் உங்களுடையது என்று காட்டாது. ஆட்சேபணையற்ற (குடியிருக்க அரசு தடை சொல்லாத) புறம்போக்காக இருந்தால் வரன்முறைப்படுத்திப் பட்டா தரக் கேட்டு வட்டாட்சியரிடம் மனு போடுங்கள். அலைக்கோட்டை ஒட்டிய இடம் என்றால் கடலோரத்தில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குமுறை விதி குறுக்கே வரும். அங்கே மாற்று மனை கேட்பதே நடக்கிற காரியம்.

பேஸ்மென்ட் (வீட்டின் அடித்தளம்) முடிந்து போட்டோவும் எடுத்தாயிற்று. பணம் ஏறவில்லை.

மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது? நீங்கள் கொடுத்த பாஸ்புக் ஒரு வங்கி, ஆதார் இணைப்பு வேறு வங்கி என்றால் பணம் அங்கே போயிருக்கும், அல்லது திரும்பியிருக்கும். இரண்டு, முழு ஆவணம் தராமல் தொடங்கிய சிறு கணக்கா? அதில் வருடத்துக்கு மொத்த வரவு ஒரு லட்சம், இருப்பு 50,000 என்று உச்சவரம்பு உண்டு. முதல் தவணை ஏறும், அடுத்தது திரும்பும். ஆதாரையும் ரேஷன் கார்டையும் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள். மூன்று, போட்டோ வேலை உத்தரவில் உள்ள அதே இடத்தில் எடுத்ததா? வேறு மனையில் அஸ்திவாரம் போட்டிருந்தால் ஜியோ டேக் (போட்டோவில் பதியும் இடக் குறியீடு) ஒத்துப்போகாது.

மேஸ்திரி "கட்டுறதுதான் கட்டுறோம், 600 அடியா போட்டுருவோம்" என்கிறார்.

வேண்டாம். 2.40 லட்சத்தை 270 அடிக்குப் பிரித்தாலே அடிக்கு 900 ரூபாய்தான் வருகிறது. அந்த விலைக்கே யாரும் முடித்துத் தர மாட்டார்கள். 600 அடிக்குக் கடைக்கால் தோண்டினால் லிண்டலில் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) நிற்கும். பணம் முன்கூட்டி வராது. பேஸ்மென்ட், லிண்டல், கூரை, முடிவு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் வரும். லிண்டலில் நின்ற வீட்டுக்குக் கூரைத் தவணை இல்லை. கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். மாடிப்படிக்கு இடம் விட்டு, சின்னதாக முடியுங்கள்.

தீவுக்குள் கூரைத் தளம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்? பக்கத்து வீட்டில் பத்து வருடத்தில் கம்பி வெளியே வந்துவிட்டது. (பாம்பன்)

கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். காரணம் உப்பு. அது தண்ணீரிலும் மணலிலும் வருகிறது, காற்றிலும் வருகிறது.

தண்ணீர்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது. உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், தேறாவிட்டால் டேங்கர்தான். கடல் மணல் கூடவே கூடாது, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) வாங்குங்கள்.

அளவு: 300 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் 125 கன அடி கான்கிரீட். 1:1.5:3 கலவைக்கு (சிமென்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) 28, 29 மூட்டை சிமென்ட் ஆகும். உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் 1:1:2 போடுங்கள், அதற்கு 39 மூட்டை. எம்-சாண்ட் அரை யூனிட், ஜல்லி ஒரு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). கம்பி அறை அகலத்தைப் பொறுத்து 250 முதல் 300 கிலோ. தண்ணீர் மூட்டைக்கு 22, 23 லிட்டருக்கு மேல் போனால் தளம் ஊறும். கொத்தனார் "இளக்கமா இருந்தாத்தான் ஓடும்" என்பார். வைப்ரேட்டர் பிடித்தால் தானே ஓடும்.

கவர் பிளாக் (கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் கட்டை): 30 மில்லிமீட்டர். கடலைப் பார்த்த முகப்பில் 45. ஜல்லித் துண்டை அடியில் செருகுவதுதான் வழக்கம். ஆள் மிதித்ததும் அது நகர்ந்து, கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். பக்கத்து வீட்டில் நடந்தது பெரும்பாலும் அதுதான்.

தளம் இறுகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் நல்லது. ஓர் அங்குலம் தேங்க சுமார் 700 லிட்டர் வேண்டும். அதற்கும் உவர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இங்கே கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

சிமென்ட், கம்பி ஒன்றியத்தில் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வாங்குங்கள். விலையைத் தவணையில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் தளம் போடுவதற்கு ஒரு வாரத்துக்குள் எடுங்கள். கடற்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் சிமென்ட் கட்டி தட்டும், கம்பி செம்மண் நிறமாகும்.

1990-களில் கிடைத்த தொகுப்பு வீடு ஒழுகுகிறது. புது வீடு கேட்கலாமா?

ஏற்கெனவே வீடு பெற்ற குடும்பம் என்பதால் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கிடைக்காது. 2000-01க்கு முன் கட்டிய அரசு வீடுகளைப் பழுதுபார்க்க ஊரக வீடுகள் சீரமைப்புத் திட்டம் இருக்கிறது. ஓவர்சியர் வந்து பார்த்து மதிப்பீடு போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். முன்கூட்டியே பூசிவிட்டால் பழுது எங்கே என்று கேட்பார்.