பதில்: விவாதத்தில் எல்லோரும் 'நல்ல கருத்து' என்றே எழுதுகிறார்கள்

உங்கள் வகுப்பின் இணையவழி விவாதத்தில் மாணவர்கள் எல்லோரும் 'நல்ல கருத்து' என்று மட்டுமே எழுதுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் வைத்த 'பன்முகப் பண்பாடு பற்றி உங்கள் கருத்து?' என்ற கேள்வியை முதலில் எடுத்துவிடுங்கள். அதற்கு உங்கள் பி.எட். மாணவர்கள் 'வேற்றுமையில் ஒற்றுமை' என்றுதான் எழுதுவார்கள்.

வேலூர்க் கோட்டையிலிருந்து தொடங்குங்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற உத்தரவு இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு தரப்பையும் புண்படுத்தியது. 1806 ஜூலை 10இல் கிளர்ச்சி வெடித்தது. 'நீங்கள் படித்த பள்ளியில் இப்படி என்ன விதி இருந்தது? யாருக்கு உறுத்தியது?' என்று கேளுங்கள். நான் கேட்டபோது, வீட்டில் உருது பேசும் ஆம்பூர் மாணவி ஒருவர், வருகைப் பதிவில் தன் பெயரை ஆண்டு முழுக்கத் தப்பாகவே கூப்பிட்டதை எழுதினார். அதற்கடியில் பதினொரு பதில்கள், எல்லாமே நீளமானவை.

எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதற்கு, கேள்வியைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம்: முதல் பதிவைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது. பதிவுகளை நேர வரிசையில் படியுங்கள். முதல் ஆளின் சொற்களே திரும்பத் திரும்ப வந்தால் அதுதான். அப்படியானால், மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் கேள்வி-பதில் வகை விவாதத்தைத் தேர்ந்தெடுங்கள். தான் எழுதும்வரை பிறர் பதில் தெரியாது.

அப்புறம், யாரையும் சாதி, மதம் சொல்ல வைக்காதீர்கள். 'உருதுக்காரர்கள் சார்பில் நீ சொல்லும்மா' என்று ஒரு பெண்ணிடம் கேட்கவே கூடாது. இந்த விவாதத்தை வாட்ஸ்அப் குழுவில் நடத்தவும் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் வெளியே போய்விடும்.