மறதிநோயுள்ள அம்மம்மாவுக்கு இல்லம் தெரிவுசெய்யும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்?

கிளிநொச்சியில் தனித்திருக்கும் மறதிநோயுள்ள அம்மம்மாவை வவுனியாப் பக்கத்து முதியோர் இல்லமொன்றில் சேர்க்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவ்வில்லம் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அதைவிட முக்கியமானது, பொழுதுபடும் நேரத்தில் சொல்லாமல் ஒருமுறை போய் இருந்து பார்ப்பது. இந்நோயில் தடுமாற்றமும் பதற்றமும் பெரும்பாலும் மாலையில்தான் கூடும். என் பெரியம்மாவுக்காக நான் பார்க்கப்போன ஓர் இல்லத்தில், ஒரு மூதாட்டி உடுப்புகளைப் பழைய சீலையில் பொட்டளியாகக் கட்டிக்கொண்டு, "கண்டைக் கட்ட வேணும், வீட்டை போறன்" என்று, எப்போதோ வளர்த்த கன்றுக்குட்டியை நினைத்துப் படலையடியில் நின்றார். பராமரிப்பவர் மறுத்துப் பேசவில்லை, "கண்டுக்கு என்ன பேரம்மா?" என்று கேட்டபடி கையைப் பிடித்துத் தேத்தண்ணி குடிக்க அழைத்துச் சென்றார். பலமுறை இடம்பெயர்ந்த வன்னி மூத்தவர்களுக்குப் பொட்டளி கட்டுவது வெறும் நோய்க்குறி அன்று. அதை உணர்ந்த பணியாளர்களே அவர்களுக்குத் தேவை.

கிணற்றுக்குச் சுற்றுக்கட்டும் மூடியும் உண்டா, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், நிமிர்த்தி இருத்தி உணவூட்டுகிறார்களா என்பவற்றையும் பாருங்கள். அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தால், எந்த மருத்துவர் எதற்காக எழுதினார் என்று கட்டாயம் கேளுங்கள்; உளப்பிணிக்குரிய சில மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்துள்ளது. பட்டப்பகலில் எல்லோரும் கதிரைகளில் தூங்கிவழியும் இல்லத்தில், எவ்வளவு துப்புரவாக இருந்தாலும், அம்மம்மாவை விட வேண்டாம்.