கேளுங்கள், சொல்கிறோம்: குருவியைப் பார்க்கவிடாத குருவிப் படம்

கேள்வி: விடுமுறைக்கு வீட்டில் எல்லாரும் சேர்ந்து 'தி பிக் இயர்' படம் பார்த்தோம். ஸ்டீவ் மார்டின், ஜாக் பிளாக், ஓவன் வில்சன் என்று மூன்று சிரிப்பு நடிகர்கள் இருந்தும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. குருவி பார்க்கிறதுக்கெல்லாம் உண்மையிலேயே போட்டி உண்டா?
– வாசகி, ஹட்டன்

பதில்: உண்டு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, மெக்சிகோவுக்கு வடக்கே உள்ள வட அமெரிக்காவுக்குள் யார் அதிக இனங்களைக் கண்டார்கள் என்பதுதான் கணக்கு. கண்ணால் பார்க்காமல் குரலை வைத்து இனம் கண்டாலும் செல்லும். நடுவர் இல்லை, பரிசுப் பணம் இல்லை, ஒருவர் சொன்னால் மற்றவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். 1998-இல் மூன்று பேர் இப்படி ஓடிய ஓட்டத்தைப் பத்திரிகையாளர் மார்க் ஒப்மாசிக் 2004-இல் புத்தகமாக எழுதினார். வென்ற சான்டி கொமிட்டோவின் கணக்கு 740-ஐத் தாண்டியது.

அதிலிருந்து வந்ததுதான் 2011-இல் டேவிட் ஃபிராங்கெல் இயக்கிய இந்தப் படம். சுமார் 4 கோடி டொலர் செலவழித்தும் 1 கோடி கூடத் திரும்ப வரவில்லை. உங்களுக்குச் சிரிப்பு வராததில் வியப்பில்லை, ஏனென்றால் விமானம், வாடகைக் கார், தொலைபேசி என்று படம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு பறவை வந்து உட்கார்ந்தால் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதற்குள் எண்ணிக்கை ஏறிவிடுகிறது, நாமும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறோம். அலாஸ்காவின் கடைக்கோடியில் அட்டு என்றொரு தீவு இருக்கிறது, ஆசியப் பறவைகள் காற்றில் திசைமாறி வந்து இறங்கும் இடம், அதைக்கூட அவசரமாகத்தான் கடக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஒரே இடம்தான். பனிக்காட்டில் அப்பாவும் மகனும் ஒரு பெரிய சாம்பல் ஆந்தையைப் பார்த்து நிற்பார்கள். அங்கே மட்டும் படம் கொஞ்சம் மூச்சு விடுகிறது. அந்தப் பொறுமை முழுக்க இருந்திருந்தால் சிரிப்பும் தானாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மகன் பைனாகுலர் கேட்கிறான். எதை வாங்குவது?
– வாசகர், பண்டாரவளை

பதில்: 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். நம் பக்கத்து மூடுபனியில் வெளிச்சம் குறைவு, அகலமான கண்ணாடிதான் உதவும். 20 மடங்கு, 30 மடங்கு என்று கடையில் ஆசை காட்டுவார்கள், வேண்டாம், கை நடுக்கமும் அத்தனை மடங்காகும்.

கேள்வி: நம் மலையகத்தில் அப்படி ஓடிப் பார்க்க என்ன குருவி இருக்கிறது?
– வாசகர், வெலிமடை

பதில்: ஓடவே வேண்டாம். இலங்கையில் மட்டும் வாழும் இனங்கள் 30-க்கும் மேல், அதில் பல மலைக்காட்டில்தான். ஹக்கல பூங்காவில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியைச் சும்மா நடந்தபடியே பார்க்கலாம். ஹோட்டன் சமவெளியில் அரெங்கா குளம் என்று ஒன்று இருக்கிறது. அரெங்கா என்கிற சீட்டிக்குருவியின் பெயர்தான் அந்தக் குளத்துக்கு. விடியலிலும் அந்தியிலும் சிறிது நேரம்தான் வெளியே வரும், கூச்சம் அதிகம். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் காஷ்மீரிலிருந்தே ஈப்பிடிப்பான் வந்து தங்குகிறது.

என்னைக் கேட்டால் முதலில் ஆறுமணிக்குருவியைப் பாருங்கள். இமயமலை அடிவாரம் வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் இங்கே வந்துவிடும். நான் முதலில் பார்த்தது எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால், தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள். கைப்பிடி அளவு உடம்பு, வால் இருக்கிறதா என்றே தெரியாது, முதுகு பச்சை, கண்ணில் மை தீட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. தத்தித் தத்தி வந்து ஒரு சருகை அலகால் புரட்டிப் போடும், கீழே புழு இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் அடுத்த சருகு. அம்மா பிரட்டுக்கு, அதாவது காலையில் தோட்டத்தில் பெயர் கொடுக்க, கிளம்பும் நேரத்துக்குச் சரியாக இரண்டு சீட்டி அடிக்கும், மறுபடி சாயந்தரம் ஆறுக்கு. கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை கான் ஓரமாகச் சத்தம் போடாமல் உட்கார்ந்து பாருங்கள், பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.