பழைய ஸ்லிம்மிங் மாத்திரைக்கும் இப்ப வர்ற ஊசிக்கும் என்ன வித்தியாசம்?

"முன்னாடி வந்த மாத்திரையெல்லாம் தடை பண்ணிட்டாங்க, இந்த ஊசியை மட்டும் எப்படி நம்புறது"ன்னு கேட்டிருக்கீங்க, நியாயமான பயம்தான். சிபுட்ராமின்ங்கிற பழைய மாத்திரை பசியை அடக்குச்சு, எடையும் கொஞ்சம் குறைஞ்சுச்சு, ஆனா இதய நோய் ரிஸ்க் உள்ளவங்களை வச்சு பெரிய ஆய்வு நடத்தினப்ப மாரடைப்பும் ஸ்ட்ரோக்கும் கூடுதலா வந்துச்சு, 2010ல சிங்கப்பூர்லயும் நிறுத்திட்டாங்க. ரிமோனபன்ட்ங்கிற இன்னொரு மாத்திரை மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்னு 2008லயே ஐரோப்பாவுல போயிடுச்சு. ரெண்டும் மூளையில வேலை செய்யுற மருந்து, அங்க பசியை மட்டும் தனியா தொடறது அவ்வளவு கஷ்டம்.

இப்ப வர்ற ஊசியில உள்ள செமாகுளூட்டைடு மருந்து வேற ரூட். சாப்பிட்டதும் நம்ம குடல்ல சுரக்கிற ஜிஎல்பி-1 ஹார்மோன் மாதிரியே வேலை செய்யுது, ஒரிஜினல் ஹார்மோன் சில நிமிஷத்துல உடைஞ்சிடும், இதுல ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியை ஒட்டி ரத்தத்துல உள்ள ஆல்புமின்ங்கிற புரதத்தைப் பிடிச்சுக்கற மாதிரி செஞ்சிருக்காங்க, அதனாலதான் வாரத்துக்கு ஒரு ஊசி போதும். ஒரு ஆய்வுல 68 வாரத்துல சராசரியா 15% எடை குறைஞ்சுச்சு. ஆனா எனக்கு நம்பிக்கை தந்தது 2023ல வந்த ரிசல்ட்தான்: ஏற்கனவே இதய நோய் உள்ள 17,000 பேருக்கு மேல சேர்ந்த ஆய்வு, மாரடைப்பு, ஸ்ட்ரோக், இதய நோயால மரணம் எல்லாம் சேர்த்து 20% குறைவு. சிபுட்ராமின் தோத்த அதே பரீட்சை இது.

குமட்டல், வாந்தி வரும், அதான் டோஸை மெதுவா ஏத்துவாங்க. நிறுத்தினா எடை பெரும்பாலும் திரும்ப ஏறிடும், இது இன்னும் தீராத பிரச்சினை. ஆன்லைன்ல "மூலிகை"ன்னு விக்கிறதை மட்டும் தயவுசெஞ்சு வாங்காதீங்க, அதுல சிபுட்ராமின் கலந்திருக்குன்னு நம்ம சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் (HSA) எத்தனையோ தடவை எச்சரிச்சிருக்கு. பாலிகிளினிக்ல டாக்டரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.