பாங்காக்கில் கால் மசாஜுக்கும் கணக்கில் இடம் உண்டு

கேள்வி: ஈரோட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது 56. மே விடுமுறையில் தங்கையோடு ஐந்து நாள் பாங்காக் போகிறேன். விமான டிக்கெட்டுக்கும் அறைக்கும் பணம் கட்டியாகிவிட்டது. கைச்செலவுக்கு இருவருக்கும் சேர்த்து 45,000 ரூபாய் வைத்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிட வேண்டும், மசாஜ் செய்துகொள்ள வேண்டும் என்று ஆசை. மசாஜுக்கெல்லாம் காசைக் கொட்டுவதா என்கிறார்கள் வீட்டில். பணம் போதாவிட்டால் கிரெடிட் கார்டில் தேய்த்து இஎம்ஐ போட்டுக்கொள்ளலாம் என்கிறான் மகன். தங்கை சைவம். என்ன செய்யட்டும்?

பதில்: இந்தப் பணம் போதும். இஎம்ஐ பேச்சே வேண்டாம். ஐந்து நாள் சந்தோஷத்துக்கு வருஷம் முழுக்க வட்டி கட்டினால் அந்தச் சந்தோஷமே கசந்துவிடும்.

தாய்லாந்துப் பணமான பாட் ஒன்று மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலை சற்று முன்பின் இருக்கும். அப்படியென்றால் உங்கள் கையில் 15,000 பாட். இதில் முதலில் மசாஜுக்கு எடுத்து வையுங்கள். மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் மிச்சம் இருக்காது. நிறைய பேர் ஆசைப்பட்டதைச் செய்யாமலே திரும்பி வருவது இதனால்தான்.

தெருவோரக் கடைகளில் ஒரு மணி நேரக் கால் மசாஜ் 250 முதல் 400 பாட் வரை. செய்துவிட்டவர் கையில் 50 பாட்டாவது கொடுங்கள், அது அங்கே வழக்கம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 என்றால் இருவருக்கும் ஐந்து நாளுக்கு 4,000 பாட். காலைக் கழுவிவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, தைலம் தடவி, சிறு மரக்கட்டையால் உள்ளங்காலை அழுத்துவார்கள். முடிந்ததும் சின்னக் கோப்பையில் சூடாகத் தேநீர் தருவார்கள். இத்தனை வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற கால்களுக்கு இதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். தாய்லாந்து மசாஜை 2019-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டில் கேட்பவர்களிடம் அதையும் சொல்லுங்கள். வாட் போ கோயில் வளாகத்திலேயே செய்கிறார்கள், தெருக்கடையைவிடக் கொஞ்சம் கூடுதல். சர்க்கரையோ நரம்புச் சுருட்டலோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெரிய ஓட்டல் ஸ்பாவில் விலைக்குப் பக்கத்தில் ++ என்று போட்டிருந்தால் கவனம். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன்மேல் 7 சதவீதம் வரி. 2,000 என்று போட்டது பில்லில் 2,354 ஆகும்.

சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 பாட், மொத்தம் 5,000. இது தாராளம். அசோக் ரயில் நிலையம் பக்கம் டெர்மினல் 21 மாலில் உள்ள உணவுக்கூடத்தில் ஒரு தட்டு 100 பாட்டுக்குள் முடியும். கவுன்டரில் பணம் கட்டி ஒரு அட்டை வாங்கவேண்டும். மீதியை அன்றே திருப்பி வாங்கிக்கொள்ளலாம், மறந்துவிடாதீர்கள். மே மாதம் மாம்பழ சீசன் வேறு. தேங்காய்ப் பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறு, பக்கத்தில் மாம்பழத் துண்டுகள், மேலே மொறுமொறுவென்று வறுத்த பாசிப்பருப்பு. தேங்காய்ப் பாலில் துளி உப்பு இருக்கும், அதுதான் ருசியே. இதை ஒரு நாளாவது சாப்பிடாமல் வராதீர்கள்.

தங்கைக்குத்தான் கொஞ்சம் கவனம் தேவை. காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று தாய்லாந்து மொழியில் எழுதிய கடை சுத்த சைவம், பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கம் நம் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும்.

ஒரு நாள் ராத்திரி ஆற்றங்கரையில் நல்ல உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட 2,000 பாட் தனியாக வையுங்கள். ரயில், படகு, கோயில் நுழைவுச் சீட்டுக்கு 2,500. மீதி 1,500 அவசரத்துக்கு.

பணம் உண்மையில் கரைவது வேறு இடத்தில். மூன்று வருஷத்துக்கு முன் நான் போனபோது, கையில் அதிகம் வைத்துக்கொள்ளப் பயந்து நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஏடிஎம்மில் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அங்கத்திய வங்கிக்கு 220 பாட் கட்டணம். 880 பாட் போனது, இரண்டு கால் மசாஜ் காசு. அதனால் பெரும்பகுதியை இங்கேயே ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அட்டையில், ஏற்றிவிடுங்கள். தெருக்கடைக்கு ரொக்கம்தான் வேண்டும், அதற்கு டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றலாம். சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வரும் இடத்தில் மாற்றாமல், கீழ்த்தளத்தில் ரயில் ஏறும் இடத்தருகே உள்ள கவுன்டர்களில் விலை கேளுங்கள். கார்டைத் தேய்க்கும்போது ரூபாயா பாட்டா என்று இயந்திரம் கேட்டால் பாட் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் பாட்டை ரூபாயாக மாற்ற அவர்கள் சொன்னதுதான் விலை.

அப்புறம், டிக்கெட்டும் அறையும் டூர் பேக்கேஜாக வாங்கியிருந்தால் டிசிஎஸ் என்று விற்றவர்களே வருமான வரியை முன்கூட்டிப் பிடித்திருப்பார்கள். அது உங்கள் பணம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது காட்டி வரியில் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் சில்லறை நாணயங்களைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இங்கே அவற்றை மாற்றித் தரமாட்டார்கள். விமானநிலையம் கிளம்பும் முன் இன்னொரு தட்டு மாம்பழச் சோறு வாங்க அது உதவும்.