எலும்பில் சுரக்கும் புரதம் தசைக்கு வலுத் தருமா?

கேள்வி: எனக்கு வயது 61. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுகிறேன். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் தொடை தளர்கிறது. எலும்பில் சுரக்கும் ஆஸ்டியோகால்சின் தசைக்கு வலுத் தரும், அதற்கு வைட்டமின் கே2 மாத்திரை நல்லது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சாப்பிடலாமா?

பதில்: கே2 இப்போதைக்கு வேண்டாம் அம்மா. எலும்பிலிருந்து தசைக்கு ரத்தம் வழியாகச் சேதி போகிறது என்பது உண்மைதான். 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெரார்ட் கார்சென்டி குழு எலிகளை ஓடவிட்டுப் பார்த்தது: ஓடும்போது ரத்தத்தில் ஆஸ்டியோகால்சின் கூடுகிறது, அது தசை குளுக்கோஸையும் கொழுப்பையும் எரிக்க உதவுகிறது, தசையும் பதிலுக்கு இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தை அனுப்பி எலும்பை மேலும் சுரக்க வைக்கிறது. ஆனால் 2020-இல் வேறொரு குழு ஆஸ்டியோகால்சின் மரபணுவையே நீக்கிய எலிகளை உருவாக்கியபோது அவற்றின் தசை அளவு குறையவே இல்லை. எலியிலேயே முடியாத விவாதம் இது, இதை வைத்து மனிதருக்கு மாத்திரை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று. தசையில் வேலை செய்வதாகச் சொல்லப்படுவது, வைட்டமின் கே முழுதாக மாற்றியமைக்காத ஆஸ்டியோகால்சின். கே2 சாப்பிட்டால் அந்த வகை குறையத்தான் செய்யும்! ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ கே2 ஆபத்து.

டெனோசுமாப் ஊசியால்தான் தளர்ச்சி என்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். அது தடுக்கும் ரேங்க்-எல் என்ற புரதம் எலும்பை அரிப்பதோடு தசையையும் பலவீனப்படுத்துகிறது என்று எலி ஆய்வுகள் சொல்கின்றன. 2019-இல் வந்த ஓர் ஆய்வில் இந்த ஊசி போட்ட பெண்களுக்குக் கைப்பிடி வலு கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நல்ல சேதி. மாற்று மருந்து இல்லாமல் ஊசியை விட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு, தவணை தள்ளிப்போனாலும் அப்படித்தான்.

ஆஸ்டியோகால்சின் பரிசோதனைக்குச் செலவழிக்காதீர்கள். வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, சர்க்கரை நான்கையும் பாருங்கள். டி குறைந்தால் தொடைதான் முதலில் தளரும், இந்த ஊசி போடுபவர்களுக்குக் கால்சியமும் இறங்கலாம். கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், முடிகிற அளவுக்கு, தினமும். தடுமாற்றம் இருந்தால் பக்கத்தில் யாராவது நிற்கட்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று விழுந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.